விசா ஆபீசில் வெள்ளம்

"விசா ஆபீசர் மேஜை மேல ஏறி நின்னுக்கிட்டுத்தான் எனக்கு முத்திரை குத்தினாரு மச்சான்! மேஜை மேல நின்னும் தண்ணி அவரு முழங்காலைத் தொட்டுச்சுன்னா பார்த்துக்கோயேன்!"

சொன்னவர், முப்பத்தெட்டு வருஷம் குழாய் ரிப்பேர் பார்த்து ஓய்ந்த குழாய்க்காரர். கேட்டவன் அவர் மனைவியின் தம்பி. மாமாவின் பெட்டி எத்தனை கிலோ என்று தூக்கிப் பார்க்க வந்தவன், வந்த வேலையை மறந்து பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"ஐயையோ! அப்புறம் மாமா?"

"அப்புறம் திமிங்கலம் வந்துச்சான்னு கேளுடா," என்றாள் மனைவி, கட்டிலில் சட்டைகளை மடித்தபடி. "நானும் அன்னைக்குக் கூடப் போனவதான். வாசல்லயே உட்கார்ந்திருந்தேன். ஒரு சொட்டு வெளியில வரலை. ஏதோ நல்ல மனசு வந்து அந்த மனுஷன் விசா கொடுத்தாரு. அதுக்கு ஒரு வெள்ளமா?"

குழாய்க்காரருக்குச் சுருக்கென்றது. கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன ஒரு கதையையும் அவள் நம்பியதில்லை. அவளைக் குறை சொல்லவும் முடியாது. அவர் கதையில் எலி வந்தால் முடிவதற்குள் அது யானையாகிவிடும். ஆனால் இது நடந்த கதை! நாளைக் காலையில் விமானம். அதில் ஏறுவதற்குள் அவள் வாயால், 'ஆமாம், நடந்தது' என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் போகிற இடத்தில் இரண்டு மாதமும் சோறு இறங்காது.

"மொதல்லேருந்து சொல்லுங்க மாமா."

"மலை மேல ஒரு பள்ளிக்கூடம் மச்சான். முந்நூறு பிள்ளைங்க, ஒரே ஒரு குழாய். ரெண்டு மாசம் வந்து காசு வாங்காம குழாய் போட்டுக் கொடுக்கறேன்னேன். அழைப்புக் கடிதம் இருக்கு, போலீஸ் சான்றிதழ் இருக்கு, டாக்டர் சான்றிதழ் இருக்கு, திரும்பி வர டிக்கெட்டும் இருக்கு. இருந்தும் ரெண்டு தடவை முடியாதுன்னுட்டாங்க! ஏன்? 'நீங்க குழாய்க்காரர். தொண்டுன்னு சொல்லிட்டுப் போய் அங்க கூலிக்கு வேலை பார்க்க மாட்டீங்கன்னு என்ன ஆதாரம்?' வாங்காத கூலிக்கு எவன் மச்சான் ரசீது தருவான்?"

"அதானே!"

"மூணாவது தடவை போறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதே ஆபீசர். சிரிப்புங்கறது அந்த முகத்துக்கு வழியே தெரியாது. 'புது ஆதாரம் ஏதாவது உண்டா?'ன்னாரு. நான் தலையைச் சொறியறேன். அவரு பேனாவை எடுத்து எழுத ஆரம்பிச்சுட்டாரு. 'முடியா' வரைக்கும் எழுதியாச்சு, 'து' ஒண்ணுதான் பாக்கி! அப்பப் பாரு, பெண்கள் கழிவறைப் பக்கம் புஸ்ஸ்ஸுன்னு ஒரு சத்தம்!"

"குழாய் உடைஞ்சிருச்சா?"

"குழாய்னு சொல்லாத, அருவின்னு சொல்லு! கதவுக்கடியில பீறிக்கிட்டு வருது. விண்ணப்பமெல்லாம் மீன் மாதிரி நீந்துது. செக்யூரிட்டி நாற்காலியைப் படகாக்கி…"

"துடுப்பு கொடுத்தீங்களா, இல்ல கையாலேயே தள்ளினானா?" என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு! வாசல்ல என் நகவெட்டியைக்கூட வாங்கி வெச்சுக்கிட்டாங்க மச்சான். கையில ஒரு கருவி கிடையாது. பாஞ்சேன்! கை கழுவற தொட்டிக்கடியில தலையை விட்டேன், கைக்குட்டையைச் சுத்தினேன், ஒரு முறுக்கு! அருவி கப்சிப். ஆபீசர் மேஜையில நின்னபடியே பர்ஸை எடுத்து, 'எவ்வளவு?'ங்கறாரு. 'காசா? குழாய் அழுதா எனக்குப் பொறுக்காது சார், அவ்வளவுதான்'னேன். ஒருக்கா நீட்டினாரு, மாட்டேன்னேன். மறுக்கா நீட்டினாரு, ரெண்டு கையையும் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டேன். பர்ஸை மூடிட்டு முத்திரையை எடுத்தாரு. 'இதைத்தான்யா நான் மூணு தடவையா கேக்கறேன்! இதுதான்யா ஆதாரம்!'"

மச்சான் பெட்டி மேல் ஏறி நின்று கைதட்டினான். பெட்டி முனகியது.

குழாய்க்காரர் மனைவி பக்கம் திரும்பினார். "இப்பவாவது நடந்ததுன்னு ஒரு வார்த்தை சொல்லேன். என்ன குறைஞ்சுடுவ?"

"ஒண்ணும் நடக்கலை. ஊர் பூரா இந்தக் கதையைச் சொல்லிக்கிட்டுத் திரியாம, பேசாம போய்ட்டு வாங்க."

"நடக்கலையா! ரெண்டு இஞ்சு குழாய்டி அது! பீச்சி அடிச்சா யானையே மல்லாந்து விழும்!"

"ரெண்டு இஞ்சா?" அவளுக்கும் பொறுக்கவில்லை. "கை கழுவற தொட்டிக்கு எந்த மடையன் ரெண்டு இஞ்சு போடுவான்? அரை இஞ்சு. அதுவும் பிளாஸ்டிக் நட்டு."

மச்சான் பெட்டியிலிருந்து இறங்கினான். குழாய்க்காரர் கட்டில் பக்கம் ஓர் அடி வைத்தார்.

"ஏண்டி… தொட்டிக்கடியில குனிஞ்சு பார்த்தவன் நான் ஒருத்தன்தானே? நீ வாசல்ல இல்ல உட்கார்ந்திருந்த? பிளாஸ்டிக் நட்டுன்னு உனக்கு யாரு சொன்னது?"

மனைவி மடித்து வைத்த சட்டையைப் பிரித்து, மறுபடி மடித்தாள்.

"சரி, நடந்தது. ஒத்துக்கறேன்," என்றாள். "ஆனா சத்தியமா நான் ரெண்டு சுத்துதான் சுத்தினேன், சனியன், அது கையோட வந்துடுச்சு!"