மாஸ்டருக்கு ஓய்வு

"இறங்குங்கப்பா! முதல்ல வண்டியை விட்டு இறங்குங்க!"

மகன் போட்ட சத்தத்தில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

டிரைவர் சீட்டில் இருந்தவர் எஞ்சினை நிறுத்தினார். வண்டி ஓர் அடிகூட நகர்ந்திருக்கவில்லை.

"சும்மா ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன்டா. பேட்டரி இறங்கிடுமேன்னு..."

"நெஞ்சைத் திறந்து பைபாஸ் பண்ணின உடம்புப்பா இது. வண்டிப் பக்கமே போகக் கூடாதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காரு. உங்களுக்கு ஒண்ணுன்னா எல்லாரும் என் சட்டையைத்தானே பிடிப்பாங்க?"

எதிர்வீட்டுக்காரர் உச்சுக் கொட்டினார்.

"இப்படி ஒரு புள்ளை கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும். பெரியவர்தான் சின்னக் குழந்தை மாதிரி அடம்பிடிக்கிறாரு."

பெரியவராம்! ஆபரேஷனுக்கு முன்னால் அதே வாய் 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடும். அவருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே இவர்தான். அந்தத் தெருவில் பாதிப் பேர் மாஸ்டரின் டிரைவிங் ஸ்கூலில் கற்றவர்கள். இப்போது அதை நடத்துவது மகன்.

நாலு நாள் இருந்துவிட்டுப் போக வந்திருந்த மகள், அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

"ஏம்ப்பா இப்படிப் பண்றீங்க? அண்ணன் உங்களை உள்ளங்கையில வச்சுத் தாங்குறான். அது உங்களுக்குத் தெரியலையா?"

மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தாங்குகிறான்தான். குளிக்கும்போது தாழ்ப்பாள் போடக் கூடாது. பேரன் மடியில் ஏறக் கூடாது. பார்க்க வரும் கூட்டாளிகளுக்கு வாசலிலேயே பதில் கிடைத்துவிடும்: "அப்பா தூங்குறாரு."

"ஸ்கூல்ல ஒரு ஓரமா நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கேன்டா" என்று கெஞ்சியும் பார்த்தாயிற்று.

"டாக்டர் கூடாதுன்னுட்டாரு."

ஜன்னலோரச் சாய்வு நாற்காலியில்தான் பொழுது போகும். தெருவில் எவனாவது கியரைக் கரகரவென்று மாற்றினால், இவருடைய இடது கால் தானாகத் தரையை அழுத்தும், கிளட்ச் என்று நினைத்துக்கொண்டு. மூச்சு முட்டவில்லை, நெஞ்சு வலிக்கவில்லை. பிழைத்துவிட்டார். எதற்குப் பிழைத்தோம் என்றுதான் விளங்கவில்லை. வாய்விட்டுக் கேட்டால் நன்றி கெட்டவர் என்பார்கள்.

அந்த வாரம் ஆஸ்பத்திரி செக்கப். எப்போதும் கூடவே வரும் மகனுக்கு அன்றைக்குப் பார்த்து லைசென்ஸ் டெஸ்ட் வேலை. மகள் துணைக்கு வந்தாள்.

டிரெட்மில்லில் நடக்கவிட்டு, ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் முகமெல்லாம் சிரிப்பு.

"பிரமாதம் மாஸ்டர்! அப்புறம், இன்னும் ஸ்கூல் பக்கம் போக மனசு வரலையா? போய்ப் பசங்களைத் திட்ட ஆரம்பிங்க!"

"எங்க டாக்டர்... நீங்கதான் வண்டியைத் தொடவே கூடாதுன்னுட்டீங்களே."

"நானா?" டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நெஞ்செலும்பு கூடினதுமே உங்க பையன்கிட்ட சொல்லிட்டேனே! அன்னிக்கு நீங்க உள் ரூம்ல சட்டை போட்டுக்கிட்டு இருந்தீங்க. 'வேலைக்கு அனுப்புங்க, வண்டி ஓட்டட்டும், வழக்கம்போல இருக்கட்டும்'னேன். அவர்தான், 'அப்பாவுக்கே இஷ்டமில்லை, போதும்கிறாரு'ன்னாரு. புது பைப்பெல்லாம் மாட்டி விட்டது ஷெட்டுல நிறுத்தவா மாஸ்டர்?"

மாஸ்டர் நெஞ்சின் மேல் கை வைத்துப் பார்த்தார். இத்தனை மாதமாகத் தன் நெஞ்சைத் தானே தொடப் பயந்து கிடந்திருக்கிறார்.

வெளியே வந்ததும் மகள் வெடித்துவிட்டாள்.

"துரோகிப்பா அவன்! நல்லா இருக்கிற மனுஷனை நோயாளின்னு மூலையில உட்கார வச்சுட்டு, ஸ்கூலைச் சுளையா முழுங்கிட்டான். போதாததுக்கு நல்ல புள்ளைன்னு பட்டம் வேற! நானும் அவனை நம்பி உங்களைத் திட்டினேனே. பெத்த அப்பாவை இப்படி உயிரோட புதைக்க எப்படிப்பா மனசு வந்துச்சு?"

போவோர் வருவோரெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மாஸ்டருக்குக் கண் கலங்கியது. மகன் செய்ததை நினைத்து இல்லை. தனக்காகப் பேசவும் ஒரு ஆள் இருக்கிறதே!

"இன்னிக்கே அவனை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்கிறேன் பாருங்க!"

"வேண்டாம்மா. கேட்டா வீடு ரெண்டாயிடும். ஸ்கூலை அவனே வச்சுக்கட்டும்."

"அதுக்காகக் கடைசிவரைக்கும் அந்த ஜன்னலையே பார்த்துக்கிட்டு இருக்கப் போறீங்களா?"

அவள் கேட்ட வேகம் அவருக்குத் தெம்பு கொடுத்தது. முதுகு நிமிர்ந்தது. சின்னப் பையன் போல ஆசையாகக் கேட்டார்.

"உங்க வீட்டுக்குப் பக்கத்துல ஒரு டிரைவிங் ஸ்கூல் இருக்குல்ல? மாஸ்டர் வேலைக்கு ஆள் கிடைக்காம அல்லாடுறாங்கன்னு மாப்பிள்ளை சொன்னாரே. நான் உன்கூடவே வந்துடட்டுமாம்மா?"

மகள் கைப்பையைத் திறந்தாள், மூடினாள். பிறகு அவர் முழங்கையை இதமாகத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க வீடு மூணாவது மாடிப்பா... அவ்வளவு படி ஏறினா உங்க நெஞ்சு தாங்குமா?"