குளிர்பெட்டியின் பழுது

ஐஸ்கட்டி விற்கப் பிறந்து, மீந்த ஐஸின்மேல் யாரோ பாலையும் முட்டையையும் வைத்ததால் எல்லாமும் விற்கத் தொடங்கிய கடை அது. அங்கிருந்த குளிர்பெட்டிக்குத் திடீரென்று குளிரின் அளவு மறந்துபோயிற்று. நன்னாரி சர்பத் பாதி தண்ணீராகவும் பாதி பனியாகவும் நின்றது. அதை எடைக்குப் போட்டுவிடக் கடைக்காரர் பழைய இரும்புக்காரரை வரச்சொன்னார்.

"என் கதை முடிந்தது, அண்ணே!" என்று குளிர்பெட்டி அழுதது.

"ஒழுங்காக வேலை பார்த்திருக்க வேண்டும், தம்பி. நான் என்றைக்காவது அரை கிராம் பிசகியிருக்கிறேனா?" என்றது தராசு.

இரும்புக்காரர் வந்தார். வெயில் தாங்காமல் ஒரு சர்பத்தை வாங்கி, கரண்டியால் வழித்துத் தின்றார். "அடடா! இன்னொன்று கொடுங்க" என்றார். மறுநாள் தெருவே வந்து நின்றது. "சரிபண்ணட்டுமா?" என்று கேட்ட மெக்கானிக்கைக் கடைக்காரர் விரட்டியடித்தார்.

குளிர்பெட்டிக்குத் தலைகால் புரியவில்லை. "இந்தக் கடையில் ஒழுங்காக இருந்து யார் பேர் வாங்கினார்கள்? நீங்களும் கொஞ்சம் பழுதாகிப் பாருங்களேன், அண்ணே!"

தராசு இரண்டு நாள் யோசித்தது. மூன்றாம் நாள், ஒன்றேகால் கிலோ சர்க்கரையை ஒரு கிலோ என்று காட்டியது. அன்றைக்கும் தெருவே வந்து நின்றது.

மாலையில் கடைக்காரர் வரச்சொல்லி இரும்புக்காரரும் வந்தார். இந்த முறை அவர் சர்பத் சாப்பிட்ட பிறகு வெறுங்கையோடு போகவில்லை.