சூடு இறங்கியது

நெடுநேரம் குனிந்து உட்கார்ந்ததில் ஜீவானந்தத்துக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஆனாலும் எழுந்திருக்கப் பயம். செம்பாக்கத்து ரிப்பேர் கடையில் அவனுக்கு இருந்தது அந்த ஒரு கம்ப்யூட்டர்தான். திரை ஓரத்தில் பிராசசர் சூடு எழுபத்தெட்டு டிகிரியைத் தொட்டிருந்தது. அதன் விசிறி வேகம் குறைந்துகொண்டே வந்தது.

"அண்ணா, நாளைக்கு ப்ராஜெக்ட் குடுக்கணும். ஆஃப் ஆயிடுமா?" ப்ராஜெக்டை சிடியில் பதிய வந்திருந்த கல்லூரி மாணவி ஷபீனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எண்பது தாண்டினா தானா நின்னுடும். சிடி எழுதி முடியற வரைக்கும் கொஞ்சம் அழாம இரும்மா."

எழுபத்தொன்பது.

அவன் கம்ப்யூட்டர் கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினான். மூலையிலிருந்த டேபிள் ஃபேனைத் தூக்கிவந்து அதற்கு நேராகத் திருப்பி வைத்தான். சூடு மெல்ல அறுபதுக்கு இறங்கியது. சிடி வெளியே வந்தது.

"உங்க ஃபேன் நல்லா இருக்கணும்ணா!" என்று சிரித்துக்கொண்டே ஓடினாள்.

ஷபீனா போனதும் வாசலில் கன்னியம்மா வந்து நின்றாள். இடுப்பில் குழந்தை. அதன் உடம்பெல்லாம் வேர்க்குரு. ஜீவானந்தம் பாய்ந்துபோய் வாசலை மறைத்துக்கொண்டான்.

"இன்னாண்ணா, ரிப்பேருக்குக் குடுத்த ஃபேன் ரெடியா? வெக்கையில புள்ள தூங்கவே மாட்டேங்குது."

"மோட்டார் காயில் இன்னும் வரலம்மா. அடுத்த வாரம் பாக்கலாம்."

பின்னால் ஃபேன் ஓடும் சத்தம் அவளுக்குக் கேட்டுவிடுமோ என்று இருமிக்கொண்டான். அதை நிறுத்தினால் கம்ப்யூட்டர் நின்றுவிடுமோ என்றும் பயம்.

அவள் குழந்தையை முந்தானையால் விசிறிக்கொண்டே நடந்தாள்.

போன வாரமே சரியாகிவிட்ட, அவளுக்கு அவன் தரவேண்டிய ஃபேன், கம்ப்யூட்டரைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது.