துடியலூர் வாசகி

“அரிசிம்பருப்புச் சோத்துக்குப் புளித்தண்ணி ஊத்தோணும்னு எழுதியிருக்கறே. இப்படித் தப்புத்தப்பா எழுதுனா உன்ற சமையல் பிளாக்கை யாரு படிப்பாங்க?” என்றான் வம்சி.

“துடியலூர்ல ஒருத்தங்க தெனமும் படிக்கறாங்களேங்க,” என்றாள் மனைவி நந்திதா.

“அவங்க குத்தம் சொல்லத்தான் வர்றாங்க. நல்லாச் சமைக்கறவ நீ. சரியா எழுதுனா ஊரே படிக்கும்.”

“சரியா எழுதுனா அவங்க வரமாட்டாங்களேங்க.”

போனில் புதுப் பின்னூட்டம் வந்தது. வம்சி வாங்கிப் படித்தான்.

“புளி ஊத்தாதே கண்ணு. அது உனக்கே தெரியும்னு எனக்கும் தெரியும். ஓடிப்போனவகூடப் பேசக்கூடாதுன்னுதான் உங்கப்பா சொல்லியிருக்காரு. சமையல்ல தப்பிருந்தாத் திருத்தக்கூடாதுன்னு சொல்லலை. நாளைக்கும் ஏதாச்சும் தப்பா எழுது.”