முதலாளி நாற்காலி

"என் வெள்ளை மூஞ்சி அந்தம்மா கண்ணுல பட்டுச்சுன்னா சோலி முடிஞ்சுது. நான் பின்னால கொட்டகைல இருந்துக்கறேன்" என்றார் கோபஸ்.

"ஏடாகூடமா ஏதாச்சும் கேட்டா?" என்றாள் நோசிஃபோ.

"அதான் ஒரு வாரமா ஒப்பிச்சுப் பாத்தோமே! நாற்காலில நல்லாச் சாஞ்சு உக்காரு. விளிம்புல உக்காந்தா டீ கொண்டாந்தவன்னு நினைச்சுக்குவாங்க."

'கறுப்பர் நடத்தும் தொழில்' என்ற சான்றிதழ் இருந்தால்தான் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் பள்ளிகளுக்கு இரும்புக் கதவு செய்யும் வேலை அந்தப் பட்டறைக்குக் கிடைக்கும்.

சோதிக்க வந்த திருமதி டுபேயும் கறுப்பினப் பெண்தான். அவள் கேட்டதற்கெல்லாம் நோசிஃபோ தடங்கலில்லாமல் பதில் சொன்னாள். எல்லாம் முடியும் நேரத்தில் கொட்டகையில் கோபஸ் தும்மித் தொலைத்தார்.

டுபே எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "நல்லாத்தான் ஒப்பிக்கச் சொல்லிக் குடுத்திருக்கான், தங்கச்சி. உன்ன மாதிரி எத்தனை பேரப் பாத்துட்டேன்!"

நோசிஃபோ தன் கைகளைப் பார்த்தாள். வெல்டிங் பொறி பட்டு வெந்த தழும்புகள். தனி ஆளாக அவள் எழுப்பிய பட்டறை இது. கோபஸ் போன வருடம் அவளிடம் சம்பளத்துக்குச் சேர்ந்தவர். முன்பு சோதிக்க வந்தவர் அவரையே முதலாளி என்று நினைத்துக் கைகுலுக்கி, சான்றிதழையும் மறுத்துவிட்டுப் போயிருந்தார்.

"பயப்படாத, உன்மேல தப்பில்ல" என்றாள் டுபே கனிவாக. "நிஜ முதலாளியக் கொஞ்சம் கூப்பிடு."