ஏழாவது உறுப்பினர்

"ஆறு பேரு தேறிட்டாங்க. ஏழாவது ஆளு எங்கய்யா?" என்றார் நகராட்சித் தலைவர்.

"வாசல்ல போன் பேசிட்டு இருக்காருங்கய்யா. உங்க மச்சான்தான்" என்றார், நெஞ்சளவு உயர இரும்பு அலமாரி மேல் விடைத்தாள்களை அடுக்கிக்கொண்டிருந்த எழுத்தர்.

தலைவர் விட்ட பெருமூச்சில் மேசை மேலிருந்த விண்ணப்பங்கள் ஜன்னல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தன.

ஊருக்கு ஒரு மனித உரிமை ஆலோசனைக் குழு. உறுப்பினர்கள் ஏழு பேர். இன்று மாலை ஐந்து மணிக்குள் பட்டியல் போய்ச் சேராவிட்டால் மேலிடமே ஆள் போட்டுவிடும். அப்படிப் போட்டால் போன தேர்தலில் தோற்ற முன்னாள் தலைவர் குழுவுக்குத் தலைவராக வந்து குந்திக்கொள்வார். இது தலைவருக்குச் சின்னக் கவலை. 'என் தம்பி பேரு இல்லாம வீட்டுப் பக்கம் வராதீங்க' என்று மனைவி காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தாள். அது பெரிய கவலை.

மணி நாலரை.

சிபாரிசு என்று நாளைக்கு ஒரு பயல் வாய் திறக்கக் கூடாதே! அதனால் எல்லோருக்கும் ஒரே கேள்வி, பதிலை எழுதித்தான் தர வேண்டும் என்று தலைவர் விதி செய்திருந்தார். கேள்வி எழுத்தர் தயாரித்தது.

'ஒரு துணிக்கடை. அங்கே ஒருவர் பதினோரு வருடமாக நின்றுகொண்டே வேலை பார்க்கிறார். உட்கார நாற்காலி கிடையாது. இது உரிமை மீறலா? நீங்கள் என்ன செய்வீர்கள்?'

ஓய்வுபெற்ற நர்ஸம்மா எழுதிய பதிலைப் படித்துத் தலைவர் அழுத அழுகையில் கைக்குட்டையை இரண்டு முறை பிழிந்து காயப்போட வேண்டியிருந்தது. தையல்காரர் பதிலே எழுதவில்லை. அந்த ஆளுக்கு அளவெடுத்த மாதிரி ஒரு நாற்காலியை வரைந்து கொடுத்துவிட்டார். அவரும் தேறினார்.

மச்சான் உள்ளே வந்து தலைவருக்கு எதிரே இருந்த நாற்காலியில் தொப்பென்று விழுந்தார். "எங்க மாமா கையெழுத்துப் போடணும்?"

"மொதல்ல பதில் எழுது மாப்ளே."

"எனக்குமா பரீட்சை?"

"விதின்னா எல்லாருக்கும் விதிதான்."

மச்சான் கேள்வியை எழுத்துக் கூட்டிப் படித்து முடித்தார். "நிக்கட்டுமே மாமா. கடவுள் காலு எதுக்குக் குடுத்தாரு?"

"அடப்பாவி! பதினோரு வருஷம்டா!"

"அப்ப பழகியிருக்கும். இத்தனை வருஷம் வாயத் திறக்கலைன்னா உக்கார ஆசையில்லைன்னுதானே அர்த்தம்?"

"வாயத் திறந்தா வேலை போயிடும்னு பயந்திருப்பான்! சரி, அவன்தான் பேசலை. முதலாளிக்குக் கண்ணு பொட்டையா? தினம் எதிர்ல நிக்கற மனுஷனைத் தெரியலைன்னா அவனெல்லாம் என்ன பொறப்பு?"

எழுத்தர் மெல்ல இருமினார். "மணி நாலே முக்காலுங்கய்யா."

"எனக்கு இந்த எழுதற வேலையெல்லாம் ஆகாது மாமா" என்று மச்சான் போனை எடுத்தார். "இடம் இல்லைன்னு அக்காகிட்ட சொல்லிடறேன்."

தலைவர் மேசையைத் தாண்டிப் பாய்ந்து தாளைப் பிடுங்கினார். "போனை உள்ள வை! நானே எழுதறேன். நீ அடியில கையெழுத்த மட்டும் போட்டுத் தொலை."

கோபத்தில் எழுதியதாலோ என்னவோ, பதில் அருவி மாதிரி கொட்டியது. எழுதி முடித்துச் சத்தமாகவே வாசித்தார். "'இது பச்சைக் கொடுமை. அந்தத் துணிக்கடை முதலாளி அன்றைக்கே நாற்காலி தர வேண்டும். தவறினால் தன் நாற்காலியை அந்த ஆளுக்குக் கொடுத்துவிட்டு அவரும் பதினோரு வருடம் நிற்க வேண்டும்!' எப்பிடி?"

"கல்வெட்டுல வெட்டலாங்கய்யா" என்றார் எழுத்தர். "துணிக்கடைன்னு மட்டும் இருக்கறதுதான் கொஞ்சம் சின்னதாத் தெரியுது. 'கடையோ, அலுவலகமோ, எந்த இடமானாலும் மேலே இருப்பவர்'னு போட்டா..."

"பலே! போட்டுட்டேன்."

"இதையே குழுவோட மொதல் தீர்மானமா வெச்சு, உங்க கையெழுத்தோட சேர்த்து அனுப்பினா மேலிடமே அசந்துடுங்கய்யா."

"அனுப்புய்யா! எட்டூருக்குத் தெரியட்டும் நான் யாருன்னு!"

ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பட்டியலும் தீர்மானமும் மின்னஞ்சலில் மேலிடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 'இரண்டும் ஏற்கப்பட்டன' என்று பதிலும் வந்துவிட்டது. மச்சான் உறுப்பினர், முன்னாள் தலைவருக்குப் பட்டை நாமம், தலைவருக்கு வீட்டில் சோறு நிச்சயம்.

தலைவர் சோம்பல் முறித்தார். "அப்பாடா! காலையிலேருந்து உக்காந்து உக்காந்து இடுப்பே ஒடிஞ்சு போச்சு. ஏன்யா, நம்ம குழுவுக்கு மொதல் மனு எப்ப வரும்?"

"வந்துடுச்சுங்கய்யா." எழுத்தர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்தார்.

"அதுக்குள்ளயா! எந்தத் துணிக்கடை?"

"கடையெல்லாம் இல்லீங்கய்யா. கேள்வியில ஒரு மரியாதைக்காகக் கடைன்னு போட்டேன்" என்ற எழுத்தர், பதினோரு வருடமாக எழுதிப் பழகிய அந்த இரும்பு அலமாரியின் மேல் மனுவை வைத்து, நின்றபடியே தேதியைப் போட்டுவிட்டு, அறையில் இருந்த இரண்டே இரண்டு நாற்காலிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.