சக்கரத்துக்கு ஒரு வேஷம்

“பெல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்குங்க சார். தொப்பை தெரியுது” என்றார் சக்கரம்.

வெள்ளி நிற உடுப்பில், விண்கலத்துக்குள் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நின்ற மூக்குக்கண்ணாடிக்காரர் குனிந்து இறுக்கினார்.

சக்கரம் என்பது பட்டப்பெயர். யார் விண்வெளிப் படம் எடுத்தாலும் செட் போடுவது இவர்தான். எதைச் செய்தாலும் அதில் ஒரு சக்கரத்தைச் சுற்றவிடாமல் இவருக்குத் தூக்கம் வராது. மின்விசிறி மோட்டார், சைக்கிள் ரிம், நாலு கலர் பல்பு. தீர்ந்தது, காலயந்திரம் ரெடி!

ஆனால் திரையில் சக்கரம்தான் தெரியும். சுற்றிவிட்ட மனுஷன் பலகைக்குப் பின்னால் குனிந்து கிடப்பார். ஒரு தடவையாவது தன் முகம் தெரியவேண்டும் என்பது அவருடைய தீராத ஏக்கம்.

“இந்த மூஞ்சிக்கு அது ஒண்ணுதான் குறைச்சல்” என்பாள் மனைவி.

போன மாதம் இந்தக் கண்ணாடிக்காரர் சக்கரத்தின் பட்டறைக்கே வந்துவிட்டார். “விண்கலம் ரெடிங்க. ஆனா வந்து பார்த்த, பணம் போடற பெரியவங்க உதட்டைப் பிதுக்கிட்டாங்க. ‘ஒண்ணுமே சுத்தலையே, இது பறக்கும்னு எவன் நம்புவான்’னு கேக்கறாங்க. பிடிக்கலேன்னா மொத்தத்தையும் இழுத்து மூடிடுவாங்க.”

“ரசனை உள்ளவங்க சார்!” என்று சக்கரம் வளையம் வளையமாக மாட்டிச் சுற்றவிட்டார். பெரியவர்கள் வாயைப் பிளந்தார்கள். நடுவில் நின்றுபோனால் தட்டிவிட ஆள் வேண்டுமே என்று இவரையே உள்ளே உட்காரச் சொன்னார்கள்.

சக்கரத்துக்குத் தலைகால் புரியவில்லை. மனைவிதான் முறைத்தாள்.

“வேஷம் கட்டறதுக்கு எதுக்குங்க ரத்தம் எடுக்கறாங்க? பல்லைக்கூட எண்ணிப் பார்த்தாங்களாமே?”

“பெரிய கம்பெனிடி. உனக்குப் பொறாமை!”

இதோ, கதவு மூடியாயிற்று. வளையங்கள் ஜோராகச் சுற்றின. எதிரே கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்ததும் சக்கரத்துக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

வெளியே யாரோ தலைகீழாக எண்ணினார்கள். நாற்காலி கிடுகிடுவென்று ஆடியது.

“அடேயப்பா! கீழே எத்தனை பேர் சார் நின்னு ஆட்டறாங்க?” என்று மைக்கில் கத்தினார் சக்கரம். “என் மூஞ்சி நல்லாத் தெரியுதா? மச்சான் வீட்டுக்கெல்லாம் சொல்லிட்டேன். படம் எப்ப சார் ரிலீஸ்?”

ஒலிபெருக்கி கரகரத்தது. கண்ணாடிக்காரர் குழப்பத்தோடு கேட்டார்.

“எந்தப் படம்?”